கொரெத்திக்குக் கொடுத்த நாலு கோழி

கெஃபா,
செவ்வாய்க்கிழமை, மழை.

அன்பு மகள் யாசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஆண்டவர் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே செம்பனைத் தோட்டத்தில் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பியிருக்கிறோம். என் கடிதம் வந்தால் லயத்துப் பெண்களையெல்லாம் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுவதாக எழுதியிருந்தாய், உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, அப்போ இனிமே என்னைத் திட்டி எழுதாதீங்க, கடல் தாண்டி மானம் போகுது என்றாள். இந்தக் கடிதத்தை மட்டும் அப்படிப் படிக்காதே மகளே. தனியாகப் போய் உட்கார்ந்து படி. உன் அறையில் உன்னோடு படுக்கிற பிளாந்தினா பக்கத்தில் இருக்கவே கூடாது. இது அவள் பிள்ளை கொரெத்தியைப் பற்றியது, நல்ல சேதி இல்லை. கடைசி வரி வரைக்கும் நீ படித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அப்புறம் அவளிடம் பேசு.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு சொல்ல மனசு வராது. உன் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது, ஆனால் வாய் குறையவில்லை. இப்போது அவளும் பால் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறாள், மூன்று மணிக்கொரு தரம் பிள்ளைகளுக்குப் பால் கலக்குகிற வேலை. பால் வீடு என்றதும் நீ சிரிப்பாய், சிஸ்டர் யோவித்தா வாசலில் எழுதி மாட்டியிருக்கிற அந்த நீளப் பெயர் இன்றுவரை ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை, ஜனங்களுக்கு அது பால் வீடுதான். நான் பழையபடி ஜீப் ஓட்டுகிறேன். மெலிந்து கிடக்கிற பிள்ளையை மலையிலிருந்து இறக்குவதும், தேறின பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடுவதும், விட்ட பிள்ளை எப்படி இருக்கிறதென்று மாதத்துக்கு ஒருமுறை போய்த் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் வண்டி, கட்டினவளுக்குச் சந்தைக்கு நடை என்று உன் அம்மா சொல்வதும் பழையபடிதான். நம் பரணில் சோளம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மலையில் யாருக்கும் இல்லை. பழைய சோளம் தீர்ந்துவிட்டது, வயலில் நிற்பது பால் பிடிக்கவில்லை, பசிக்காலம் எப்போதும் இந்த மாதத்தில் வருவதுதான் என்றாலும் இந்த வருஷம் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். நீ அங்கே கனமான குலையைத் தூக்காதே, ஆம்பளைகள் தூக்கட்டும். உன் காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்.

கொரெத்தி போன வருஷம் பால் வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். அவளை மலைமேல் அவர்கள் ஊர் ஓய்லாசியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தவன் நான்தான். இரண்டு வயது, கால் இரண்டும் வீங்கி, தலைமுடி சோளக் குஞ்சம் மாதிரி நிறம் மாறி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். மெலிவு பார்க்கிற வண்ண நாடாவை மேல்கையில் சுற்றினால் சிவப்பு, சாவுக்குப் பக்கத்தில். பால் வீட்டில் நாங்கள் பிள்ளை எடை ஏறுவதைவிடச் சிரிப்பதற்குத்தான் காத்திருப்போம், பசியில் செத்துப் பிழைக்கிற பிள்ளை முதலில் திரும்பக் கொண்டுவருவது சிரிப்பைத்தான். இவள் சிரித்தது என் ஜீப்பின் ஹாரனுக்கு. நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது ஒருமுறை தெரியாமல் அமுக்கினேன், உள்ளே கட்டிலில் கெக்கே என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் தினமும் என் மடியில் உட்கார்ந்து அவளே அமுக்குவாள், சிஸ்டர் ஓடிவந்து, ஏய்யா, தூங்குற பிள்ளைங்களை எழுப்புறதுக்கா உனக்குச் சம்பளம் என்று திட்டுவார், அவள் சிஸ்டரைப் பார்த்துக்கொண்டே இன்னொருமுறை அமுக்குவாள். நாடா பச்சைக்கு வந்ததும் பிளாந்தினாவின் அப்பா கொர்னேலிஸிடமே கொண்டுபோய் விட்டோம். கொரெத்தியின் அப்பன் எங்கே போனான் என்பதை ஓய்லாசியில் யாரும் கேட்பதில்லை, பிளாந்தினா கப்பல் ஏறும்போது பிள்ளையைத் தன் அப்பா கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் மனைவி போய் வெகுகாலம், வீட்டில் ஒரு மருமகளும் அவளுடைய மூன்று பிள்ளைகளும். அந்தச் சந்தோஷச் சேதியை நான் எழுதி, நீ படித்து, பிளாந்தினா அன்றைக்கு லயத்தில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தாள் என்று நீ எழுதினாய். உன் அம்மா அந்த வரியை மூன்று தரம் படிக்கச் சொன்னாள்.

இனி கோழி விஷயம். தேறி வீட்டுக்குப் போகிற பிள்ளையோடு பால் வீட்டிலிருந்து நாலு முட்டைக் கோழி கொடுத்தனுப்புவது சிஸ்டர் யோவித்தாவின் ஏற்பாடு. வேறு தீவிலிருந்து வந்தவர், நல்ல மனுஷி. பிள்ளைக்கு நாளுக்கொரு முட்டை, அவ்வளவுதான் அவர் கணக்கு. கொரெத்தியைக் கொண்டுபோய் விட்ட அன்றைக்கே கொர்னேலிஸ் வெற்றிலை பாக்கு வைத்து எங்களை உட்காரவைத்தார், பின்னால் கோழி கத்துகிற சத்தம் கேட்டது. நான் வேண்டாம் என்று எழுந்தேன், அவர் என் தோளை அமுக்கி உட்காரவைத்து, செத்த பிள்ளையை உசுரோட கொண்டாந்து குடுத்தவனை வெறும் சோளத்தோட அனுப்பச் சொல்றியா, நான் நாளைக்கு இந்தத் தெருவுல நடக்க வேண்டாமா என்றார். சாப்பிட்டோம். ஈரலை எடுத்து என் தட்டில் வைத்தார். அடுத்தது சுகாதார ஆள் வந்தபோது. அதற்கடுத்தது கிறிஸ்துமஸுக்கு முன்னால், தேறின பிள்ளையைப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று பட்டணத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள், அவர்களை ஏற்றிக்கொண்டு போனவனும் நான்தான். எல்லாரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள், எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள், எல்லாரும் அவளுடைய கோழியைத் தின்றுவிட்டுப் போனார்கள். திரும்பி வரும்போது அதில் ஒருவர், இந்த ஜனங்க என்ன ஒரு உபசாரம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வந்ததும் சிஸ்டரிடம் சொன்னேன், சாப்பிடாம வந்துட்டாப் போச்சு என்றார். சொல்வது சுலபம்.

போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் நான் தனியாக ஓய்லாசிக்குப் போனேன். வழக்கம்போல வீட்டுக்குக் கீழே வளைவில் ஹாரன் அடித்தேன். எப்போதும் வாசலுக்கு ஓடிவருகிறவள் வரவில்லை. உள்ளே போனால் அடுப்புப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறாள், நான் கூப்பிட்டதற்குத் தலை தூக்கவில்லை. நாடா சிவப்பு, போன வருஷம் இறக்கினபோது இருந்ததைவிட மோசம். பாதத்தை விரலால் அமுக்கினேன், குழி அப்படியே நின்றது. பிளாந்தினா அனுப்பிய ரோஸ் நிறச் செருப்பு தூணில் தொங்கியது. குத்துமதிப்பாக வாங்கியிருக்கிறாள் பாவம், இரண்டு விரல் பெரிசு, வளந்ததும் போட்டுக்குவான்னு வெச்சிருக்கேன் என்றார் கொர்னேலிஸ். நான் உடனே கொண்டுபோக வேண்டும் என்றேன், அவரும் தலையாட்டினார், ஒரு மறுப்பும் இல்லை. சாப்பிட்டுட்டுப் போயிடலாம், இரு என்றார். வெளியே பார்க்கிறேன், மருமகளும் பிள்ளைகளும் கோழியைத் துரத்துகிறார்கள். மிச்சம் இருக்கிற ஒன்றே ஒன்று, காலில் கயிறோடு, முட்டையிடுகிற கோழி.

யாசிந்தா, அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் கோபப்படவில்லை. தணிவாகத்தான் சொன்னேன், வேண்டாம் அண்ணே, அதை விட்டுடுங்க, முட்டை இந்தப் பிள்ளைங்களுக்காவது ஆகட்டும், நான் இன்னைக்கு இங்க கை நனைக்கலைன்னு. மழை விட்டிருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று நாலு பேர் காதுபட ஒருவன் சொன்னால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செய்வினைக்காரன் வீட்டில்தான் யாரும் கை நனைக்க மாட்டார்கள். பேரப்பிள்ளை உருகிப்போய் உள்ளே கிடக்கிற வீடு அது, நான் அந்த வார்த்தையைச் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மருமகள் கோழியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். கொர்னேலிஸ் வெற்றிலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என் வீட்டு நெருப்புல வெந்தது உனக்கு ஆகாதுன்னா, என் வீட்டுப் பிள்ளை மட்டும் உனக்கு எதுக்கு?" நான் கையைப் பிடித்தேன், காலைப் பிடிக்காத குறை. சரி அண்ணே, அறுங்க, சாப்பிடுறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். பயந்து சாப்பிடுற சோறு எனக்கு வேண்டாம், இந்தப் பிள்ளையை என் கையில குடுத்தவ ஒருத்தி இருக்கா, அவ வந்து கேட்கட்டும், தரேன் என்று உள்ளே போய்விட்டார்.

அதனால்தான் இந்தக் கடிதம். மறுநாள் சிஸ்டரே போய்க் கேட்டும் கதவு திறக்கவில்லை. ஊர்த் தலைவரை வைத்துக் கேட்டால் இன்னும் இறுகிப்போவார். பிளாந்தினாவின் வார்த்தை ஒன்றுதான் மிச்சம். அவளால் வர முடியாது என்பது தெரியும், தோட்டத்தை விட்டு வந்தால் மறுபடி அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அப்பா, ஹென்ரிகுஸ் சித்தப்பாகிட்ட பிள்ளையைக் குடுங்க, அவர் நம்ம ஆளு என்று என்னைச் சொல்லி ஒரு வார்த்தை, அவள் கையெழுத்தில், அல்லது அந்தப் பக்கமிருந்து வருகிற ஓய்லாசி ஆள் வாய்வழியாக. வியாழக்கிழமைக் கப்பலில், இரண்டு பக்கத்துக்கும் கடிதம் சுமக்கிற காபிரியேல் வருகிறான், திரும்பும்போது இதை அவன் கையில் கொடுத்து விடுகிறேன். கடிதம் அங்கே வர எத்தனை நாள், பதில் இங்கே வர எத்தனை நாள் என்று உன் அம்மா விரல் மடக்கினாள், பிறகு மடக்கிய விரலை அப்படியே விட்டுவிட்டாள். பணம் எதுவும் வேண்டாம் என்று அவளிடம் சொல். வார்த்தை போதும்.

ஞாயிற்றுக்கிழமை.

மகளே, கப்பல் வரவில்லை. கடல் கொந்தளிப்பு என்று அந்தப் பக்கத் துறைமுகத்திலேயே காபிரியேலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், ஆகையால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று நினைத்தேன். நீ எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் அவளிடம் பேச வேண்டும் என்று அப்படியே விட்டேன். பிளாந்தினாவின் வார்த்தை இனி வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலையில் கொர்னேலிஸ் தாமாகவே வந்தார். மலையிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறார், முழங்கால் வரைக்கும் சேறு. பிள்ளை முதுகில் துணியால் கட்டியிருந்தது, கையில் அந்தக் கோழி தலைகீழாகத் தொங்கியது, கூடவே அன்றைக்கு வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். நான் சொன்ன சொல் மலை முழுக்கப் பரவிவிட்டதாம். அவர் நீட்டும் பாக்கை யாரும் எடுப்பதில்லையாம், மருமகளைக் கிணற்றடியில் தள்ளி நிற்கச் சொல்கிறார்களாம். பால் வீட்டு முற்றத்தில் எல்லாத் தாய்மாரும் பார்க்க, கோழியை என் காலடியில் வைத்து, இது உன் வீட்டு நெருப்பு, உன் பொண்டாட்டி கை, இதுலயாவது என்னோட உக்காந்து சாப்பிடு, இவங்க பார்க்கட்டும், அப்புறம் பிள்ளையை அவுக்குறேன் என்றார். நான் முதலில் பிள்ளையைக் கொடுங்கள் என்றேன், சிஸ்டர் கும்பிட்டுக் கேட்டார். அவர் கல் மாதிரி நின்றார். கல்நெஞ்சக்காரர் இல்லை மகளே, அவர் கண் நிற்காமல் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பேரோடு பிள்ளையைக் கொடுத்தால், செய்வினை வீட்டிலிருந்து பிடுங்கிவந்த பிள்ளை என்று அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும், திரும்பி வர அவளுக்கு வீடே இருக்காது. அது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. சிஸ்டருக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை.

நான்தான் அறுத்தேன். உன் அம்மா சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்கினாள். வயிற்றைத் திறந்ததும் அப்படியே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே முட்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்று ஓடு பிடித்து மறுநாள் விழ வேண்டியது, அதற்குப் பின்னால் மஞ்சள் உருண்டையாக ஒன்று, பின்னால் பட்டாணி போல, பின்னால் கடுகு போல. இதெல்லாம் அவளோடதுங்க என்றாள் உன் அம்மா. எழுந்து உலையில் போட்டாள். கோழி வேகிற நேரம் முழுக்க சிஸ்டர் யோவித்தா கொர்னேலிஸின் முதுகுக்குப் பின்னால் மழையில் நின்று, துணிக்குள் தொங்கிக் கிடந்த அந்தத் தலையைத் தாங்கிப் பிடித்து, சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். பாதி உள்ளே போனது, பாதி கிழவர் சட்டையில் வழிந்தது. அரைவேக்காட்டில் இறக்கச் சொன்னேன். கொர்னேலிஸ் ஈரலை எடுத்து என் தட்டில் வைத்தார், அன்றைக்கு மாதிரியே. தின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எதையும் தின்றதில்லை. நான் விழுங்குவதைப் பார்த்த பிறகு அவரும் ஒரு வாய் வைத்தார், சாட்சிக்கு வந்தவர்கள் ஒரு வாய் வைத்தார்கள், அப்புறம் மார்பில் இருந்த முடிச்சை அவிழ்த்தார்.

மூக்கில் குழாய் வைத்துப் பால் விட்டார்கள், சூடாக வைத்திருந்தார்கள், செய்ய வேண்டியது எதையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், உன் அம்மா அடுத்த வேளைப் பாலைக் கலக்கிக்கொண்டிருந்தபோது கொரெத்தி போய்விட்டாள். ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா என்று சிஸ்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். அவருடைய கோழியை நான் தின்றபோதும் பிள்ளை இளைத்தாள், தின்ன மாட்டேன் என்றபோதும் இளைத்தாள், மறுபடி தின்றபோது செத்தாள். எந்த இடத்தில் நான் வேறு மாதிரி செய்திருக்க வேண்டும் என்று நேற்று ராத்திரி முழுக்க ஜீப்பைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். ஒவ்வொரு இடமும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நேற்றுக் காலையில் ஓய்லாசிக்குக் கொண்டுபோய் அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே புதைத்தோம். வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. அந்தச் செருப்பையும் கூடவே வைக்கலாமா என்று கொர்னேலிஸ் கேட்டார், வைத்தோம். ஊர் முழுக்க வந்து அவர் வீட்டில் கை நனைத்தது, இருந்த ஒரே பன்றியை அறுத்துவிட்டார். அந்த மூன்று பிள்ளைகளும் எலும்பைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பிள்ளையின் கையில் நாடாவைச் சுற்றிப் பார்த்தேன், மஞ்சள், சிவப்புக்கு ஒரு படி முன்னால். யாரிடமும் சொல்லவில்லை, நாளைக்குச் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் போய்ப் பார்த்து வா என்பார். போனால் எனக்கு எதை அறுத்து வைப்பார்கள் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிளாந்தினாவிடம் இப்படிச் சொல் மகளே. அவள் அப்பா பிள்ளையை முதுகில் சுமந்து மழையில் தானே கொண்டுவந்தார், பிள்ளைக்காகத்தான் வந்தார் என்று சொல். வீட்டுப் பேர் சுத்தமாகிவிட்டது என்று சொல். கடைசியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பாள், தாய் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், பால் வீட்டில் நான் கேட்காத நாளில்லை. சர்க்கரைத் தண்ணீர் என்று சொல், இனிப்பாகத்தான் இருந்தது. கோழி விஷயம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைத் திட்டினால் தடுக்காதே. அவளைத் தனியாகப் படுக்க விடாதே, உன் பாயை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள், சோற்றை நீயே பிசைந்து கையில் கொடு.

உனக்கு ஆண்டவரும் நம் முன்னோர்களும் துணையிருக்கட்டும், உன் கைகாலுக்குக் குறைவு வரக் கூடாது, போன உடம்போடு திரும்பி வர வேண்டும். உன் அம்மா முத்தம் சொல்கிறாள், எழுத ஒன்றும் இல்லை என்கிறாள். வழக்கமாக முடிக்கும்போது நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதுவேன், இந்தத் தடவையும் அதைத்தான் எழுதுகிறேன். அதோடு ஒன்று. யாராவது தங்கள் வீட்டில் உனக்குத் தட்டு வைத்தால், கை நனைப்பதற்கு முன்னால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார். பார்த்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் கேட்காதே, அது உன் அப்பனுக்குத் தெரியவில்லை.

உன் அப்பா,
ஹென்ரிகுஸ்